வியாழக்கிழமை அத்தர்

தாவூது,

உனக்கும் உன்னிடம் ஓத வருகிற அந்தப் பதினேழு பிள்ளைகளுக்கும் என் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுது என்றுதான் இந்த இடத்தில் எப்போதும் எழுதுவேன். இன்று கை அப்படி எழுத மறுக்கிறது. இன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம், லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்த நேரத்தில் உன் கடிதம் கிடைத்தது. நீ இருக்கிற பரவையின் சந்தையிலிருந்து வெங்காயம் ஏற்றி வந்த மீரான் அண்ணன் அதைக் கொடுத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியையும் எடுத்து நீட்டினார். "ஒங்க மகன் குடுத்தாரு, அசரத்து. அத்தருங்க. ஒடையாமக் கொண்டாந்து சேத்துட்டேன்" என்றார். அவர் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அந்தக் குப்பியை வீட்டுக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை. இப்போது அது பள்ளிவாசல் கொட்டகையில், என் கிதாபுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கொட்டகைக்குக் கூரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், நாளுக்கு நாள் பிள்ளைகள் சேர்கிறார்கள், இருபத்திநாலு வயதுப் பையன் என்று பார்க்காமல் ஊரில் உன்னை மரியாதையாக நடத்துகிறார்கள் என்பதெல்லாம் சந்தோஷம். அதற்குக் கீழே எழுதியிருந்தாய்: "அத்தா, நம்முடைய வியாழக்கிழமையை இங்கேயும் ஆரம்பித்துவிட்டேன். வருகிற வியாழன்தான் முதல் வியாழன். உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு குப்பி அத்தர் வாங்கினேன். நீங்களும் விட்டதைத் திரும்ப ஆரம்பியுங்கள். இங்கே வண்டிக்காரர் மகள் ஒருத்தி, ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எதையோ அடக்கிக்கொண்டிருக்கிறாள். என்னவென்று கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை போலிருக்கிறது. முதல் அத்தர் அவளுக்குத்தான்."

வேண்டாம், தாவூது. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீ படிக்காவிட்டாலும் இதை மட்டும் படி. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கே வலிக்கிறது என்று கேள். சொல்லாவிட்டால் அவளுடைய தாயைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல். அத்தரை வாய்க்காலில் ஊற்று. ஏன் என்பதை இனிமேல் சொல்கிறேன். பதினோரு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லப் போகிறேன். அதனால் வளவளவென்று போகும், நீ பொறுமையாக... பார், அந்த வார்த்தைதான் முதலில் வாயில் வருகிறது. நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உனக்குத் தெரியாதது அல்ல. என் பிரம்பை உன் முழங்கால் அறியும். சபூரைப் பற்றி, பொறுமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற அசரத்துக்குச் சபூர் கிடையாது என்று பெரிய பிள்ளைகள் பின்னால் சிரித்ததும் எனக்குத் தெரியும். முப்பது பிள்ளைகள் ஒரே கொட்டகையில். அலிஃப், பே என்று ஒரு பக்கம் கத்தல், மறுபக்கம் முறையீடு. "அசரத்து, இவன் கிள்ளுறான்." "அசரத்து, எம் பலகைய மிதிச்சுட்டான்." "அசரத்து, இவ என்னைய மொறைக்கிறா." காலையிலிருந்து இதே பாட்டு. ஒருநாள் பொறுக்க முடியாமல் பிரம்பைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, "இந்த வாரம் பூரா எவன் ஒரு சங்கடத்தையும் எங்கிட்டச் சொல்லாம அடக்கி வச்சிருக்கானோ, அவனுக்கு வியாழக்கிழமை அத்தரு" என்றேன். அன்று எனக்கு வேண்டியிருந்தது மார்க்கம் அல்ல. காதுக்குக் கொஞ்சம் அமைதி, கொஞ்சம் ராகத்து வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கொட்டகை கப்சிப் என்று ஆனதும் என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, அதற்குச் சபூர் என்று பெயர் வைத்தேன்.

அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும், நீயே மூன்று தடவை ஜெயித்தவன். வியாழக்கிழமை பாடம் முடிந்ததும், அடக்கி வைத்திருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எத்தனை நாள் என்று மட்டும் சொல்லலாம். என்ன என்று சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அது முறையீடு ஆகிவிடும், சபூர் போய்விடும். அதிக நாள் யாரோ அவர் என் பக்கத்தில் பாயின் தலைமாட்டில் உட்காருவார். நான் வலது மணிக்கட்டில் ஒரு சொட்டு அத்தர் தடவுவேன். சனிக்கிழமை வரையில் அந்தக் கையை நீ கழுவாமல் திரிந்ததற்காக உங்கம்மா உன்னை விளாசியது ஞாபகம் இருக்கிறதா? ஆனால், உடம்பு வலி இதில் சேராது, வலித்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று நான் ஒரு வியாழக்கிழமையும் சொன்னதில்லை. மறைத்து வைக்கவில்லை, தாவூது. எனக்கு அது தோன்றவே இல்லை. எத்தனை கிதாபு ஓதினேன், இந்த ஒரு வரி தோன்றவில்லை.

உன் தங்கச்சி மைமூனைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் பேசியதே இல்லை. நீ வெளியூருக்கு ஓதப் போனபோது அவள் பால் பல் விழுந்த வாயோடு உன் பெட்டி மேல் உட்கார்ந்து இறங்கமாட்டேன் என்றாள். அந்த மைமூன்தான் உன் மனதில் இருப்பாள். நீ போன பிறகு அவளும் என் கொட்டகைக்கு வந்தாள். இருபத்தொன்பது பிள்ளைகள் ஒரு தட்டில், அவள் ஒருத்தி ஒரு தட்டில். தவக்குல் என்றால் என்ன என்று புரியவைக்க, கொட்டகைக்குப் பின்னால் ஆளுக்கொரு பூசணி விதை ஊன்றச் சொன்னேன். விதைத்தது நாம், முளைக்க வைப்பது அல்லாஹ், இனி தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மைமூன் கையெல்லாம் மண், விதையைத் தோண்டி எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "என்னடி செய்யிற?" என்று அதட்டினேன். "உள்ள சுகமா இருக்கான்னு பாத்தேன் அத்தா" என்றாள். அன்றைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாலு வார்த்தை திட்டினேன். இன்று நினைத்தால், எங்கள் எல்லோரையும்விட விதையின் மேல் அக்கறை அவளுக்குத்தான் இருந்தது.

புதன்கிழமை சுக்ரு பாடம். இன்னொருவர் சொல்லாத ஒன்றுக்கு ஒவ்வொருவரும் நன்றி சொல்ல வேண்டும். சோறு, தண்ணீர், தாய், தகப்பன், கண், காது எல்லாம் முதல் பத்துப் பேரிலேயே தீர்ந்துவிடும். கடைசியில் நிற்பவன் விழிப்பான். மைமூன் வேண்டுமென்றே கடைசியில் போய் நிற்பாள். "எம் பல்லு ஆடுது, சுக்ரு." "அத்தா இன்னைக்குப் பிரம்ப வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டாங்க, சுக்ரு." கொட்டகையே சிரிக்கும். முயற்சியும் அவளிடம் குறைவில்லை. எழுத்துச் சரியில்லை என்றால் நான் சொல்லாமலேயே பலகையைக் கழுவிவிட்டு மறுபடி எழுதுவாள். வராதது ஒன்றே ஒன்றுதான், சபூர். ஒரு கொசு கடித்தால்கூட என்னிடம் வந்து சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமைகளில் அவள் ஒரு தடவையும் எழுந்து நின்றதில்லை. ஒரு வியாழக்கிழமை எல்லோருக்கும் முன்னால் நான் சொன்னேன்: "ஊருக்கெல்லாம் சபூர் சொல்லிக் குடுக்குறேன், எம் மகளுக்கு ரெண்டு நாள் வாய மூடத் தெரியல. வெக்கக்கேடு." பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்துதான் சிரித்தாள், ஆனால் கண் என் கையிலிருந்த குப்பியின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்தும் நான் கண்டுகொள்ளவில்லை.

அதற்கு அடுத்த வாரம் கோச்சடையில் உன் சித்திக்குப் பிரசவம். தலைப் பிரசவம், துணைக்கு ஆள் இல்லை என்று சொல்லியனுப்பியதால் உங்கம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாள். வீட்டில் நானும் மைமூனும்தான். சாப்பாடு எதிர்வீட்டிலிருந்து வந்தது. திங்கட்கிழமை ராத்திரி மைமூன் சோற்றைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டகைக்கு நடக்கும்போது வலது பக்கம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்தே நடந்தாள். நான் பார்த்தேன். இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்த்தேன், தாவூது. பார்த்து, கேட்கவும் செய்தேன். "என்னம்மா, வயிறு வலிக்குதா?" என்றேன். அவள் நின்று, உதட்டில் விரலை வைத்தாள். "கேக்காதீங்க அத்தா. வியாழக்கிழம" என்றாள்.

நான் சிரித்தேன். என் மகளுக்கும் வந்துவிட்டது என்று மனசு பூரித்துப் போனது. இத்தனை நாள் ஓதிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். சுக்கைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து ஒரு டம்ளர் கொடுத்தேன், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவளுடைய சபூரைக் கெடுத்துவிடுவேன் என்று நினைத்தேன். புதன்கிழமை காலையில் வாந்தி எடுத்திருந்தாள். தானே தண்ணீர் ஊற்றிக் கழுவியும் விட்டிருந்தாள், வாடையை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. உடம்பு சுட்டது. கொட்டகைக்குக் கிளம்பும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அத்தா, சபூரா இருந்தா வலி தானாப் போயிருமா?" என்று கேட்டாள். நான் போயிரும் என்றேன். அசரத்து சொல்கிறார், அதுவும் சொந்த அத்தா. அவள் அல்லாஹ்வின் மேல் வைத்த தவக்குலை நான் அறியேன், என் மேல் வைத்ததை அறிவேன். அன்று சுக்ரு பாடத்தில் வழக்கம்போலக் கடைசியில் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அவள் முறை வந்ததும், "நாளைக்கு வியாழக்கிழம, சுக்ரு" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. வெளுத்துப் போயிருந்தாலும் குனியாமல் நடந்தாள். வலி போய்விட்டது என்று அவள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே குடல்வால் வெடித்ததால்தான் வலி அப்படித் தணிந்தது என்று மறுநாள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்று எனக்கு அது சபூருக்கு அல்லாஹ் கொடுத்த பர்க்கத் என்று பட்டது. பாடம் முடிந்து, யார் யார் என்று கேட்டேன். நாலைந்து பேர் எழுந்தார்கள். மைமூனும் எழுந்தாள். கொட்டகை முழுக்க அவளையே திரும்பிப் பார்த்தது. "எத்தன நாளு?" என்றேன். "நாலு நாளு, அசரத்து" என்றாள். கொட்டகையில் மட்டும் என்னை அசரத்து என்றுதான் கூப்பிடுவாள், அப்படி ஒரு மரியாதை. வேறு யாருக்கும் இரண்டு நாளைத் தாண்டவில்லை. பாயின் தலைமாட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டை நீட்டினாள். நான் ஒரு சொட்டுத் தடவினேன். நம்ம பிள்ளைதானே என்று இன்னொரு சொட்டும் தடவினேன்.

மத்தியானம் உங்கம்மா கோச்சடையிலிருந்து வந்தாள். உன் சித்திக்கு ஆண்பிள்ளை பிறந்த சந்தோஷத்தோடு வந்தாள். மைமூன் வாசலுக்கு ஓடவில்லை, படுத்தபடியே கையைத் தூக்கி, "மோந்து பாரும்மா" என்றாள். சாயங்காலம் அஸருக்கெல்லாம் காய்ச்சல் அனலாக அடித்தது. வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போது வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டியில் உங்கம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குலுங்கலுக்கும் பல்லைக் கடித்தாளே தவிர வாய் திறக்கவில்லை. நான் அவளிடம் கெஞ்சினேன். "அழுதுரும்மா, கத்திரும்மா, அத்தா ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றேன். அவள் பார்த்த பார்வையில், இது என்ன புதுப் பரீட்சை என்ற சந்தேகம்தான் இருந்தது. அந்தப் பார்வையை நான் கபுருக்குக் கொண்டுபோவேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதும் முகம் மாறினார். உங்கம்மாவைப் பார்த்து, எத்தனை நாளாக வலி என்று கேட்டார். "இன்னைக்குக் காலையிலேருந்துதாங்க" என்றாள் உங்கம்மா. "இல்லம்மா, இது நாலு நாள் வலி. முதல் ரெண்டு நாளிலே கொண்டுவந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம். பெற்றவள் உங்களுக்குத் தெரியவில்லையா?" என்றார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். அவர் கேட்ட கேள்வி எனக்கு உரியது. வாயைத் திறந்து, அம்மா, இவள் ஊரில் இல்லை, நான்தான் இருந்தேன், நான்தான் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்கம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க பாக்கலையா? ஒங்ககிட்டயாச்சும் சொல்லலையா?" என்றாள். "அவ ஒண்ணும் சொல்லல" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் என் ஆயுசில் அதைவிடப் பெரிய பொய் நான் சொன்னதில்லை.

ஜும்ஆ முடிந்து ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் மவுத்தாகிவிட்டாள். எட்டு வயது. நீ ரயில் பிடித்து வந்து சேருவதற்குள் அடக்கியும் விட்டோம். குளிப்பாட்டும்போது, கற்பூரம் வைப்பதற்கு முன்னாலேயே வலது மணிக்கட்டில் அத்தர் வாசம் இருந்தது என்று உங்கம்மா அழுதுகொண்டே சொன்னாள். அவள் சத்தம் போட்டு அழுதபோது நான் போய், "சத்தம் கூடாது, சபூர் பண்ணு" என்றேன். ஆமாம், நான்தான். அந்த வாயோடுதான். தெருவில் எல்லோரும், அசரத்து வீட்டுச் சபூரைப் பாருங்கள் என்று பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த வியாழக்கிழமை, அத்தர் தீர்ந்துபோய்விட்டது, இனி இல்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நீ லீவுக்கு வந்து ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது, வயதாகிறது என்றேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு.

உங்கம்மா ஏன் கோச்சடைக்குப் போவதில்லை என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். சித்திக்கும் அவளுக்கும் சண்டை என்று நினைத்திருப்பாய். சண்டை ஒன்றுமில்லை. அந்த வாரம் அங்கே போகாமல் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நம்புகிறாள். தொழுகைப் பாயில் உட்கார்ந்து, பெற்ற வயிற்றின் வலி தெரியாத பாவியை மன்னித்துவிடு என்று துஆ கேட்கிறாள். இது என் காதில் விழுந்திருக்கிறது. ஒருநாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு வருஷம். நான் பக்கத்து அறையில் மறுநாள் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீ கேட்கலாம். ஆனாலும் நீ பிள்ளைகளை வைத்து ஆளுகிறவன், அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். சபூர் நல்லதுதான், தாவூது, அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்த பிறகு, கைக்கு எட்டாதது என்று ஒன்று மிஞ்சுமே, அதைத் தாங்குவதற்குப் பெயர்தான் சபூர். நான் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்கு அந்தப் பெயரை வைத்தேன். தவக்குலும் அப்படியே. பிள்ளை அல்லாஹ்வை நம்பட்டும், நீ பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார். பெரியவர்கள் தங்கள் துன்பத்தை அடக்கினால் அது அவர்கள் பாடு. பிள்ளைகளை அடக்கச் சொல்வதற்கு முன்னால், அது அவர்கள் நன்மைக்கா, உன் காதுக்கு ராகத்தா என்று ஒரு நிமிஷம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள். முறையீடு சொல்ல வருகிற பிள்ளை உன்னை நம்பி வருகிறது. கொசு கடித்ததையெல்லாம் என்னிடம் ஓடிவந்து சொன்னாளே, அதற்கு நான் சுக்ரு செய்திருக்க வேண்டும்.

நேற்று இவ்வளவும் எழுதிவிட்டு மஃரிபுத் தொழுகைக்குப் போனேன். இன்று புதன்கிழமை. காலைப் பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து, இதை உங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உனக்கு அனுப்பிவிட்டு அவளிடம் மறைத்து வைப்பது இன்னொரு திருட்டு என்று தோன்றியது. அவளுக்குத்தான் தமிழ் எழுத்துப் படிக்க வராதே. அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "கேக்காதீங்க அத்தா" என்ற இடத்தில் முறம் நின்றது. அதன் பிறகு கடைசிவரை அசையவில்லை. நான் முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவளோ, "என் தங்கச்சி மகனுக்குப் பதினோரு வயசாச்சு. அவன் மொகத்த நான் இன்னும் நல்லாப் பாத்ததில்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அழக் கூடாது என்று அன்று சொன்னவன் நான்தானே.

நான் மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "அதுக்குப் பெறகு வாரேன். இப்ப அத எங்கிட்டக் கேக்காதீங்க. அந்த வண்டிக்காரரு புள்ளைக்கு எம்புட்டு நாளா?"

"ஞாயித்துக்கிழமையிலேருந்துன்னு எழுதிருக்கான்."

"இன்னைக்குப் புதன். இந்தக் கடுதாசி எப்பப் போய்ச் சேரும்?"

"இப்பத் தபால்ல போட்டா வெள்ளிக்கிழமை கெடைக்கும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "வெள்ளிக்கிழமையா? நேத்து மத்தியானமே ஒங்களுக்குத் தெரியும். இம்புட்டும் ஒக்காந்து எழுதுன நேரத்துக்கு நடந்துருந்தா நேத்து அந்திக்கே பரவைக்குப் போயிருக்கலாம்ல? இப்பவும் ஒக்காந்துதான இருக்கீங்க!" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், தாவூது, நேற்றிலிருந்து அது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளையைக் காப்பாற்று என்று உனக்கு எழுதிவிட்டதோடு என் கடமை முடிந்தது போல, என் பாவத்தை அழகாக எழுதுவதிலேயே ஒரு பொழுதைப் போக்கியிருக்கிறேன். அன்றைக்கும் இதே ஆள்தான், இன்றைக்கும் இதே ஆள்தான்.

அவள் எதிர்வீட்டுப் பையனை வண்டிக்கு விரட்டிவிட்டு, துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். நீ எதற்கு, நான் போய்வருகிறேன் என்றேன். "நீங்க போயி ஒங்க மகன்கிட்டப் பேசுவீங்க. அந்தப் புள்ள வயித்தத் தொட்டுப் பாக்க ஒருத்தி வேணாமா? நானும் வாரேன்" என்றாள். வலி என்று தெரிந்தால் அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டுமாம், பிள்ளையின் தாயையும் கூட ஏற்றிக்கொள்ள வேண்டுமாம், எல்லாம் அவளே சொல்லிவிட்டாள். போகிற வழியில் அத்தர் குப்பியைக் கொட்டகையிலிருந்து எடுத்து வரச் சொன்னாள். அதை என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே இது தபாலில் வராது, என் சட்டைப் பையில் வரும். நீ இதைப் பிரிக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன என்று உனக்குத் தெரிந்திருக்கும். வெறும் பல்வலியாக இருக்கலாம், பக்கத்துப் பிள்ளை கிள்ளியதாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், வாசலில் நின்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது, இந்த வரியை எழுதும்போது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி வந்துவிட்டது. உங்கம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். தெருவே கேட்கும்படி சத்தமாக, இந்தப் பதினோரு வருஷத்தில் நான் கேட்டிராத சத்தத்தில், என்னைக் கூப்பிடுகிறாள்: "இன்னும் என்னத்த எழுதுறீங்க? வாங்க!"